நிவேதிதை அம்மையாரும் கல்கத்தாக் கொள்ளைநோயும்

1898-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கல்கத்தா நகரத்து மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாக வெளியேறத் தொடங்கினர். அவர்களைத் துரத்திய அச்சம் இரண்டு. ஒன்று பிளேக் என்னும் கொள்ளைநோய். மற்றொன்று அந்நோயைத் தடுப்பதற்கென்று வரும் அரசாங்க ஆட்கள். இவ்விரண்டனுள் பின்னதே பெரிதாயிருந்தது என்று கூறினும் மிகையாகாது. 1894-இல் ஹாங்காங்கிற் பரவிய அந்நோய், 1896-இல் பம்பாயிற் புகுந்து, பின்னர்ப் பல ஆண்டுகளில் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1897-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு அளவிறந்த உரிமை தந்தது. புனா நகரிற் சிப்பாய்கள் வீடுகளுட் புகுந்து, மகளிரென்றும் பாராது சோதித்து, நோயாளரைப் பிரித்துக் கொண்டுசென்றனர். அதனால் மூண்ட சினத்தில் அதிகாரியாகிய ராண்டு துரை அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் சுடப்பட்டுப் பின்னர் உயிர்நீத்தார். நோய் கல்கத்தாவை அடையுமுன்னரே இச்செய்திகள் அங்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஊசி மருந்து நஞ்சென்றும், மருத்துவமனைக்குச் சென்றவர் மீளாரென்றும் வதந்திகள் உலாவின. ஆள்வோர் சொல்வது எதனையும் ஆளப்படுவோர் நம்பாத காலம் அது. அத்தகைய காலத்திலே, ஆள்வோர் நிறமும் மொழியும் உடைய ஒரு பெண்மணி, ஏழை மக்களின் குடிசைக்குள் அழைக்கப்பட்டு நுழைந்தார் என்பதே இங்கு நாம் சொல்லப் புகுந்த வரலாறு.

அவருடைய இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். அயர்லாந்தின் வடபாகத்து டங்கானன் என்னும் ஊரில் 1867-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதபோதகர்; மகளுக்குப் பத்து வயதாகும்போது காலமானார். தாய்வழிப் பாட்டனார் அயர்லாந்தின் உரிமைக்கு உழைத்தவர்களுள் ஒருவர். ஆங்கிலேயரால் ஆளப்பட்ட நாட்டிற் பிறந்தும், தம்மை ஆங்கிலேயப் பெண்மணியாகவே கருதி நெடுங்காலம் வாழ்ந்தவர் இவர் என்பது நினைக்கத்தக்கது. பதினேழாம் வயதில் ஆசிரியத் தொழில் மேற்கொண்டு, பெஸ்டலாட்ஸி, பிரோபெல் என்பாருடைய கல்விமுறைகளைப் பயின்று, இலண்டனை அடுத்த விம்பிள்டனில் ஒரு பள்ளியும் நிறுவினார். 1895-ஆம் ஆண்டு நவம்பரில் விவேகானந்த சுவாமிகளைக் கண்டார். கண்டவுடன் ஏற்றுக்கொண்டவரல்லர், வினாவியும் மறுத்தும் நெடுநாள் ஆராய்ந்த பின்னரே தெளிந்தார். 1898 ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கினார். மார்ச்சு 25-ஆம் நாள் பிரமசரிய தீக்ஷையும் நிவேதிதை என்னும் பெயரும் பெற்றார். படைக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள்.

நோய்ச் செய்தி கேட்டபோது சுவாமிகள் டார்ஜிலிங் மலையில் உடல்நலம் பேணிக்கொண்டிருந்தார். உடனே மே 3-ஆம் நாள் கல்கத்தாவுக்கு மீண்டார். அஞ்சற்க, வதந்திகளை நம்பற்க, தூய்மை பேணுக என்னும் கருத்தமைந்த அறிக்கை வங்காளத்திலும் இந்தியிலும் அச்சிட்டு வழங்கப்பட்டது. பணத்துக்கு என் செய்வது என்று உடனிருந்தோர் வினவ, மடத்துக்கென்று அப்பொழுதுதான் வாங்கிய நிலத்தை விற்போம் என்று விடையிறுத்தார். நல்வினைப்பயனாக அவ்வாண்டு நோய் பெருகவில்லை, நிலமும் விற்கப்படவில்லை. அம்மையார் சுவாமிகளுடன் இமயமலைப் பக்கம் சென்று, ஆகஸ்டு மாதத்தில் அமரநாதத்துப் பனிலிங்கத்தைத் தரிசித்துத் திரும்பி, நவம்பர் 13-ஆம் நாள் பாக்பஜார்ப் பகுதியிற் போஸ்பாராச் சந்தில் ஒரு சிறு வீட்டிற் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சாரதாதேவியார் வந்து அதனைத் தொடங்கிவைத்தார்.

1899-இல் நோய் மீண்டும் எழுந்தது. இம்முறை வலிதாகவே எழுந்தது. இராமகிருஷ்ண சங்கத்தார் அமைத்த தொண்டர் குழுவுக்கு அம்மையார் செயலாளரானார். சதானந்த சுவாமிகள் வேலையை நேரில் நடத்தினார். மார்ச்சு 31-ஆம் நாள் குடிசைப் பகுதிகளைத் துப்புரவு செய்யும் பணி தொடங்கிற்று. அம்மையார் பத்திரிகைகளில் எழுதிப் பொருள் திரட்டினார். ஒருநாள் ஆள் போதாமையால், தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்துச் சந்தைப் பெருக்கத் தொடங்கினார். அதனைத் திண்ணைகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் நாணி எழுந்து வந்து துடைப்பங்களை வாங்கிக்கொண்டனர். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாடக அரங்கில், சுவாமிகள் தலைமை தாங்க, கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர் கடன் யாது என்பது பற்றி அம்மையார் பேசினார். சுமார் பதினைந்து மாணவர் பெயர் கொடுத்தனர். அந்நகரின் பெருக்கத்தை நோக்கப் பதினைந்து என்பது மிகச் சிறு தொகை. ஆயினும் வேலை அவர்களைக்கொண்டே நடந்தது.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். இதனை நேரிற் கண்டு எழுதிவைத்தவர் ராதாகோவிந்த கர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர். சித்திரை வெயிலில் நோயாளரைப் பார்த்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பியவர், வாயிலிற் புழுதி படிந்த நாற்காலியில் ஐரோப்பிய மாது ஒருவர் காத்திருக்கக் கண்டார். அன்று காலை பாக்பஜார்க் குடிசையொன்றில் அவர் பார்த்த பிளேக் கண்ட குழந்தையைப் பற்றி அறியவே அம்மையார் வந்திருந்தார். பிழைப்பது அரிதென்று மருத்துவர் கூறினார். தொற்றாதபடி எச்சரிக்கையாயிருக்கவும் சொன்னார். பிற்பகலில் அவர் மறுபடியும் அக்குடிசைக்குச் சென்றபோது, ஈரம் கசியும் அவ்விடத்தில் அம்மையார் குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். தம் வீட்டை மறந்து இரவும் பகலும் அங்கேயே இருந்தார். குடிசையைத் தூய்மை செய்ய வேண்டும் என்றபோது, தாமே ஏணி வைத்து ஏறிச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். குழந்தை பிழையாது என்பது உறுதியான பின்னும் அவர் பணிவிடையிற் குறைவில்லை. இரண்டு நாட்கழித்து அது அவர் மடியிலேயே உயிர்நீத்தது.

அந்நாளில் இந்நோய்க்கு மருந்தில்லை. நோயணுவை 1894-இற் கண்டறிந்தனர். ஹாப்கின் என்பார் 1897-இற் பம்பாயிற் தடுப்பூசி செய்தார். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டுவருகிறது என்பதை 1898-இற் கராச்சியில் ஸீமோன் என்பார் கண்டு கூறியும் அறிஞருலகம் பல்லாண்டுகள் ஒப்பவில்லை. கண்டவர்களைக் குணப்படுத்தும் மருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. ஆதலால் அம்மையார் அக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடியதாயிருந்தது தம் மடி ஒன்றே. 2020-ஆம் ஆண்டுத் தொற்றில் உற்றாரும் அருகணையாது பலர் இறந்ததைக் கண்டவர்களாகிய நமக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாகப்போகும் குழந்தையிருக்கும் சுவருக்கு ஒருவர் வெள்ளையடிப்பானேன் என்று சிலர் வினவலாம். அக்குடிசையில் நாளையும் மக்கள் வாழ்வார்கள் என்று அவர் நம்பினார் என்பதன்றி வேறென்ன கூறுவது!

1902-இற் சுவாமிகள் மறைந்தனர். அரசியலிலிருந்து விலகாமையால், அம்மையார் சங்கத்திலிருந்து முறைப்படி நீங்கிக்கொண்டார், அன்பு நீங்கவில்லை. 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தைக் கூறிட்டார். நாடு கொதித்தது, காங்கிரசுக்குள்ளும் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று பிளவு முற்றிற்று. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரோடு பேசவும் கூசிய அந்நாட்களில், கோகலேயும் அரவிந்தரும் ஒருங்கே அவருக்கு நண்பர். அவர் நெஞ்சம் தீவிரத்தின் பக்கமே சாய்ந்திருந்தது; அதனை மறைத்தாருமில்லை. 1906-இற் கீழ்வங்காளத்தை வெள்ளமும் பஞ்சமும் வாட்டியபோது, படகேறிப் பாரிசால் பக்கத்து ஊர்களுக்குச் சென்று, நீர் சூழ்ந்த வீடுகளில் மகளிரைக் கண்டு ஆறுதல் கூறினார். அங்கிருந்து மீண்டவுடன் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அதன்பின் அவர் உடல் பழைய நிலையை எய்தவே இல்லை.

அம்மையார் சார்ந்தது வேதாந்தம். நம் சித்தாந்தம் அதனின் வேறு. நம் நாட்டு வழக்கங்களிற் குறையுள்ளனவற்றையும் அவர் சிலவிடத்து அளவிறந்து புகழ்ந்தெழுதினார் என்பது எம் கருத்து. அன்பு மிக்கவிடத்துக் கண் சிறிது மறைதல் இயல்பே.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடநாடு சென்றிருந்த நம் சுப்பிரமணிய பாரதியார் அவரைக் கண்டார். மனைவியை ஏன் உடனழைத்து வரவில்லை என்று அம்மையார் வினாவியது பாரதியாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பெண்விடுதலை பற்றிய அவர் கொள்கை அன்றுமுதல் உறுதிப்பட்டது. 1908-இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களையும் அடுத்த ஆண்டு வெளிவந்த ஜன்மபூமியையும் அவர் தம் குருவென அம்மையாருக்கே காணிக்கையாக்கினார்.

1911-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜகதீச சந்திர வசுவின் குடும்பத்தாருடன் டார்ஜிலிங்கில் தங்கியிருந்தபோது அம்மையார் நோயுற்றார். இறுதி அணுகுதலை உணர்ந்து, தம் உடைமைகளையும் நூல்களால் வரும் ஊதியத்தையும் இந்நாட்டுப் பெண்கள் கல்விக்கென்று எழுதிவைத்தார். 13-ஆம் நாள், நாற்பத்துநான்கு வயது நிரம்பப் பதினைந்து நாளிருக்கையில், உயிர்நீத்தார். இந்து முறைப்படி உடல் எரியூட்டப்பட்டது. போஸ்பாராச் சந்தில் அவர் தொடங்கிய பள்ளி பின்னர் வேறு கட்டிடத்துக்குச் சென்று, அவர் பெயரோடு பாக்பஜாரில் இன்றும் நடக்கிறது.