எடிசன் பல்லால் இசை கேட்டது எப்படி? ஃபோனோகிராஃபை உருவாக்கிய காது கேளாதவரின் கதை

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் மின்விளக்குதான் ஞாபகம் வரும். பள்ளிப் பாடப்புத்தகம் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் பதிவு செய்த ஒலியை மனிதர்கள் முதன்முதலில் திரும்பக் கேட்டதும் அவருடைய இயந்திரத்தில்தான். இதில் விசித்திரம் என்னன்னா, அந்த இயந்திரத்தைச் செய்தவருக்கே காது சரியாகக் கேட்காது.

பிற்காலத்தில் ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அப்படியிருந்தும் தன் நிறுவனம் எந்தப் பாடகரைப் பதிவு செய்யலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று பல ஆண்டுகள் அவரே முடிவு செய்தார். எப்படிக் கேட்டார்? ஃபோனோகிராஃபின் மரப்பெட்டியையும் பியானோவின் மரச்சட்டத்தையும் பல்லால் கடித்துக்கொண்டு.

காது எப்படிப் போனது?

எடிசன் 1847-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற ஊரில் பிறந்தார். 12 வயதில் போர்ட் ஹூரன் – டெட்ராய்ட் ரயிலில் பத்திரிகையும் தின்பண்டமும் விற்கும் பையன். கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தது அந்த வயதில்தான். ரயில் ஊழியர் ஒருவர் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார் என்பது ஒரு கதை. ஓடும் ரயிலில் ஏற முயன்றபோது காதைப் பிடித்துத் தூக்கினார்கள் என்பது இன்னொன்று. சிறுவயதில் வந்த காய்ச்சல்தான் காரணமாக இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. 12 வயதுக்குப் பிறகு பறவை பாடி தான் கேட்டதே இல்லை என்று எடிசன் பின்னாளில் சொன்னார்.

அடுத்து தந்தி ஆபரேட்டர் வேலை. தந்திக் கருவியின் டக் டக் சத்தம் அவர் காதுக்கு எட்டியது, சுற்றியிருந்த மற்ற இரைச்சல் எட்டவில்லை. அதை ஒரு வசதியாகவே அவர் சொல்லிக்கொண்டார். மோர்ஸ் மொழி அவருக்கு இரண்டாம் தாய்மொழி மாதிரி ஆனது. பிறகு 1886-ல் மணந்த மினாவுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டதும் மினாவின் உள்ளங்கையில் மோர்ஸ் தட்டித்தானாம். நாடகம் பார்க்கப் போனால், மேடையில் பேசுவதை அவர் முழங்காலில் மினா தட்டிக்காட்டுவார். 

விரலில் குத்திய ஊசி

1877-ல் எடிசன் தொலைபேசியை மேம்படுத்திக்கொண்டிருந்தார். கிரஹாம் பெல்லின் கருவியில் வந்த மெல்லிய குரல் அவருக்குக் கேட்கவே இல்லை. அதனால்தான் சத்தம் கூடுதலாக வரும் கார்பன் டிரான்ஸ்மிட்டரில் இறங்கினேன் என்று பிறகு சொன்னார். அவரே சொன்ன கதைப்படி, பேசும்போது அதிரும் மெல்லிய தகட்டில் ஒட்டியிருந்த ஊசி முனை, குரலுக்கு ஏற்ப அவர் விரலில் குத்தியது. ஒலிக்கு இவ்வளவு வலு இருந்தால் அதை ஏன் ஒரு பரப்பில் கீறி வைக்கக் கூடாது?

அந்த டிசம்பரில் தகரத்தாள் சுற்றிய உருளை, எடிசன் சொன்ன குழந்தைப் பாட்டைத் திரும்பச் சொன்னது. காதை நம்ப முடியாத ஒருவர், ஒலியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது இது.

1878-ல் ஃபோனோகிராஃப் எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பத்திரிகையில் 10 பயன்களைப் பட்டியலிட்டார். கடிதம் எழுதுவதற்கு முதல் இடம். பார்வையற்றோருக்கான பேசும் புத்தகத்துக்கு இரண்டாம் இடம். இசை நாலாவதாகத்தான் வந்தது. காது கேளாதோருக்கு என்று தனி வரியே இல்லை!

வந்து குவிந்த கடிதங்கள்

அவர்களோ எடிசனை விடவில்லை. காது கேளாத ஒருவரே பேசும் இயந்திரத்தைச் செய்துவிட்டார், நமக்கும் ஏதாவது செய்யமாட்டாரா என்ற எதிர்பார்ப்பில் கடிதங்கள் குவிந்தன. அதே 1878-ல் ஆறடிக்கும் மேல் நீளமான இரண்டு கூம்புகளைக் காதில் வைத்துத் தொலைதூரப் பேச்சைக் கேட்கும் மெகாஃபோனை அவர் செய்தார். வேலை செய்தது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா? கையடக்கமான காதுக் கருவி ஒன்றும் வரப்போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. அது விற்பனைக்கு வரவே இல்லை. எடிசனின் கவனம் மின்விளக்குக்குப் போய்விட்டது.

1879-ல் சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோட்ஸ் என்பவர் 'ஆடிஃபோன்' என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பார்க்க விசிறி மாதிரி இருக்கும். விளிம்பைப் பல்லில் வைத்துக்கொண்டால் அதிர்வு மண்டையோட்டுக்குள் போகும். பின்னாளில் எடிசன் மரப்பெட்டியைக் கடித்துக் கேட்டதும் இதே வழியில்தான்.

பல் வழியாக எப்படிக் கேட்கும்?

சாதாரணமாக ஒலி செவிப்பறையை அதிரவைத்து, மூன்று குட்டி எலும்புகள் வழியாக காக்ளியா என்ற நத்தை வடிவ உறுப்பைச் சேரும். பழுது செவிப்பறையிலோ அந்தக் குட்டி எலும்புகளிலோ இருந்தால், மண்டை எலும்பின் அதிர்வு அந்த இடத்தைத் தாண்டி நேராக காக்ளியாவுக்குப் போய்விடும். இன்று காதை அடைக்காமல் கன்ன எலும்பில் உட்காரும் 'போன் கண்டக்‌ஷன்' ஹெட்போன் இந்த விதியில்தான் இயங்குகிறது. காக்ளியாவோ நரம்போ கெட்டிருந்தால் இந்த வழி பெரிதாக உதவாது. அதனால எடிசனுக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1913-ல் எடிசன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் பியானோவைக் கடித்துக்கொண்டு இசை கேட்பதைப் பார்த்து அழுதுவிட்டாராம். எடிசன் இதற்காகத் தன்னை நினைத்து வருந்தியதாகத் தெரியவில்லை. மற்றவர் காதுக்குத் தப்பும் குறைகள்கூடத் தன் பல்லுக்குத் தப்பாது என்று பெருமைப்பட்டவர் அவர்.

ஒரே ஒரு யூசர்

அந்தப் பெருமையில் ஓரளவு உண்மை உண்டு. 1912-ல் வந்த 'டயமண்ட் டிஸ்க்' இசைத்தட்டுகள் துல்லியத்துக்குப் பேர்போனவை. இருட்டு அரங்கில் பாடகரையும் அவரது இசைத்தட்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எது அசல் என்று கேட்கும் நிகழ்ச்சிகளை நிறுவனம் ஊர் ஊராக நடத்தியது.

சிக்கல் வேறிடத்தில். இன்றைய ஆபீஸ் மொழியில் சொன்னால் யூசரும் அவரே, டெஸ்டரும் அவரே, அப்ரூவல் தருபவரும் அவரே. குரல் நடுங்கினால் பிடிக்காது. ஜாஸ் பிடிக்காது. நட்சத்திரப் பாடகருக்குப் பெரிய தொகை கொடுக்க மனம் வராது. போட்டி நிறுவனமான விக்டரிடம் கரூஸோ இருந்தார், எடிசனிடம் நல்ல ஒலி இருந்தது. மக்கள் கரூஸோவை வாங்கினார்கள். தன் ஒருவர் தேவைக்கு அருமையாக வழி கண்டவர், அந்த வழியை மற்ற காது கேளாதோருக்கு ஒரு பொருளாகச் செய்து கொடுக்கவில்லை. தன் ஒருவர் ரசனையையோ எல்லோருக்கும் விற்கப் பார்த்தார். என் பார்வையில் முதலாவதுதான் பெரிய இழப்பு. கடிதம் போட்டவர்கள் கேட்டது ஜாஸ் இல்லையே.

1929 அக்டோபரில் எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. 1931 அக்டோபர் 18 அன்று நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த வீட்டில் எடிசன் இறந்தார். 1890-ல் அவர் வாங்கிய ஸ்டைன்வே பியானோ ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் மரத்தில் பல் தடங்களைப் பார்க்கலாம்.