தாளம் அறிந்த சித்தூரார்

கருநாடக இசையுலகில் சித்தூர் என்னும் ஊர்ப்பெயரை நிலைபெறச் செய்தவர் சுப்பிரமணிய பிள்ளை. அவர் 1898ஆம் ஆண்டு புங்கனூரில் பிறந்தார். அப்போது சித்தூர் மாவட்டம் என ஒன்று இல்லை. அது 1911இல்தான் உருவாயிற்று. பெற்றோர் ஹரிகதை நிகழ்த்தியவர்கள். ஆகவே பாட்டும் தாளமும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தன.

ஆயினும் அவரை இசைவாணராக்கிய ஊர் காஞ்சிபுரம். அங்கே நாயனாப் பிள்ளையிடம் குருகுல முறையில் பயின்றார். திருப்புகழை மேடையில் விரும்பிப் பாடிய நாயனாப் பிள்ளை, தாளக் கணக்கில் நிகரற்றவர். அவருடைய கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' என்பர். நீதிபதிகள் பலர் ஒருங்கே அமர்வதுபோல மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என வரிசையாக வித்துவான்கள் அமர்ந்திருப்பர். பாடுபவர் ஓர் இம்மி பிசகினாலும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அந்த மேடையே சுப்பிரமணிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அங்கே அவர் கற்றது யாது? ஆதிதாளத்திற்கு எண்ணிக்கை எட்டு. ஒவ்வோர் எண்ணிக்கையையும் 'தகதிமி' என நான்காகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 32 அட்சரம். இது சதுசிர நடை. நெடுநேரம் இதே நடையில் பாடினால் கேட்போர் மனம் சோரும். 'தகிட' என மூன்றாகப் பகுத்தால் 24. 'தகதகிட' என ஐந்தாகப் பகுத்தால் 40. தாளம் போடும் கை மாறுவதில்லை. உள்ளே ஓடும் நடை மட்டுமே மாறுகிறது. மேசைமீது தட்டிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

கோர்வை இன்னும் சுவையானது. 32 அட்சரத்தில் முதல் 17ஐச் சுரங்களால் நிரப்பி, எஞ்சிய 15ஐ ஐந்தைந்தாக மும்முறை பாடினால், தாளத்தின் தொடக்கத்தில் எடுக்கும் பாட்டின் முதற்சொல் தன் இடத்தில் சரியாக வந்து அமரும். ஓர் அட்சரம் மிகுந்தாலும் குறைந்தாலும் பாட்டு வழுக்கிவிடும். கணக்கே மிகுந்தால் பாட்டு வறண்டுபோவதும் உண்டு. இவ்விரண்டிற்கும் நடுவே செல்வதுதான் கடினம். சித்தூரார் அவ்வழியிலேயே சென்றார்.

1954இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருது வழங்கியது. பிற்காலத்தில் திருப்பதி இசைக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்பித்தார். மதுரை சோமு அவருடைய மாணவரே. 1975இல் சித்தூரார் மறைந்தார். காஞ்சியில் அவர் கற்ற தாளக்கணக்கு, சோமுவின் கச்சேரிகள் வழியாக ஊர் ஊராகச் சென்றது.