ரயில் விபத்தை மறைக்காத ஐவி லீ

ரயில் கவிழ்ந்தால் நிருபர்களை அந்தப் பக்கமே அண்ட விடாதே என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்வே கம்பெனிகளின் வழக்கம். அதை மாற்றிக் காட்டியவர் ஐவி லீ. கம்பெனிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவே நிற்கும் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற உத்தியோகத்துக்கு முன்னோடிகளில் ஒருவர்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1877-ல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக அலைந்தார். பின்னால் கைகொடுத்தது அந்த அலைச்சல்தான். ஆசிரியரின் மேஜைக்கு வரும் காகிதங்களில் எது அச்சேறும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்பது அவருக்கு அத்துப்படி.

1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் அவரை அமர்த்தினர். பத்திரிகைகளுடன் பேச மறுத்து ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கியிருந்தவர்கள் அவர்கள். லீ எல்லா ஆசிரியர்களுக்கும் ஓர் அறிக்கை அனுப்பினார். தம் வேலை ஒளிவுமறைவு இல்லாதது. தாம் தருவது செய்தி, விளம்பரம் அல்ல. விளம்பரம் என்று பட்டால் போட வேண்டாம். எந்தத் தகவலையும் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். ஆசிரியர்களுக்கு இது புதுமையாக இருந்தது. அதுவரை விளம்பரத்தையே செய்தி போல் நுழைக்கப் பார்த்தவர்கள்தான் ஏராளம்.

அதே ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி சோதனை வந்தது. அட்லாண்டிக் சிட்டி அருகே, படகுகளுக்கு வழிவிடத் திறந்து மூடும் பாலத்தில் மின்சார ரயில் ஒன்று தடம் புரண்டு நீரில் விழுந்தது. 53 பேர் மாண்டனர். பென்சில்வேனியா ரயில்வேயின் கிளைப் பாதை அது. அந்த ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த லீ, நடந்ததைக் கம்பெனியின் பெயரிலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே பிரசுரித்தது. உலகின் முதல் பத்திரிகைக் குறிப்பு என்று இதைச் சொல்வார்கள். வதந்தி முந்திக்கொள்வதற்குள் விவரம் போய்ச் சேர வேண்டும் என்ற சூட்சுமத்தை நிருபராக இருந்தவர் அறிந்திருந்தார்.

ஆனால் 1914-ல் சறுக்கினார். கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் ஏப்ரல் 20-ல் தாக்கப்பட்டு எரிந்தன. இரண்டு பெண்களும் பதினோரு குழந்தைகளும் பதுங்கிய குழியிலேயே மூச்சுத் திணறி இறந்தனர். சுரங்கக் கம்பெனியில் பெரும் பங்கு ராக்பெல்லர் குடும்பத்துடையது. அவர்களுக்காக லீ துண்டு அறிக்கைகள் வெளியிட்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் ஓர் ஆண்டில் பெற்ற சம்பளம், சில வாரங்களில் பெற்றதாக அவற்றில் வந்தது. அரசு விசாரணைக் கமிஷன் கேட்டபோது, கம்பெனி கொடுத்ததை வாங்கிப் போட்டதாகவும், தாம் சரிபார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சரிபார்க்க உதவுவோம் என்று ஆசிரியர்களுக்கு எழுதிக் கொடுத்த அதே மனிதர்! ஐவி என்பது ஆங்கிலத்தில் ஒரு கொடியின் பெயர். எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் அவரை நச்சுக்கொடி என்றார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

பிற்காலத்தில் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் ரசாயனக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பளத்தில் ஆலோசனை சொன்னார். அப்போது அங்கே ஹிட்லர் ஆட்சி. 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. அந்தச் சர்ச்சை அடங்கும் முன்பே, நவம்பர் 9-ந் தேதி, மூளைக் கட்டியால் தமது 57-வது வயதில் லீ காலமானார்.