புனித ஓதிலோ

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், அத்திருநாளைத் தொடங்கியவரை நினைப்பதில்லை. பிரான்சு நாட்டவரான ஓதிலோ 994இல் குளூனி மடத்தின் அதிபரானார். கொடிய பஞ்சத்தின்போது கோயிலின் பொன், வெள்ளிப் பாத்திரங்களையே விற்று ஏழைகளுக்கு உணவளித்தார். சகல புனிதர் திருநாளுக்கு மறுநாள் மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடும்படி தம் மடங்களுக்கெல்லாம் ஆணையிட்டார். அது 998இல் என்பது மரபு. பூசை வைக்க உறவினர் இல்லாத ஆன்மாக்களும் அதில் அடங்குவர்! இதுவே எங்களை மிகவும் தொட்டது. எங்கள் ஊர்க் கல்லறையின் மதிலோரத்தில் சிலுவை சாய்ந்து, பெயர் அழிந்த குழிகள் சில உண்டு. அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் பாட்டியின் கல்லறைக்குப் போவோம், ஒருமுறையும் நின்றதில்லை. ஓதிலோ 1049 ஜனவரி முதல் நாள் சுவிஞ்ஞி மடத்தில் இறந்து அங்கேயே அடக்கமானார். 1793இல் புரட்சிக்காரர்கள் அவர் எலும்புகளையும் எரித்துவிட்டனர். இவ்வாண்டு மதிலோரக் குழிகளுக்கென்று நாங்கள் தனியே திரிகள் வாங்கியிருக்கிறோம்.