அநுர ரணசிங்க: 25 ஆண்டுத் தடையும் 42 வயதில் முடிந்த வாழ்வும்

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மல்லாவியில் ஒரு தேநீர்க் கடையில் வடை சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டில்தான் அநுர ரணசிங்க இறந்த செய்தியைப் படித்தேன். கிளிநொச்சிச் சமர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பற்றறி வன்னிக்குள் வரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். சாவுச் செய்திகள் நாளாந்தம் வந்துகொண்டிருந்த ஒரு இடத்தில், கொழும்பில் இறந்துபோன ஒரு சிங்களக் கிரிக்கெட் வீரருக்காக நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மருதானையில். அப்பா பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் கணக்கெழுதினார். எங்கள் ஒழுங்கையில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் இருந்தோம். பின்னேரங்களில் பலகைத் துடுப்பும் ரெனிஸ் பந்துமாகக் கிரிக்கெட் நடக்கும். ஒவ்வொருவரும் தனக்கொரு வீரரின் பெயரை எடுத்துக்கொள்வோம். அநுர ரணசிங்க என்ற பெயருக்குத்தான் எப்போதும் சண்டை. அவர் துடுப்பெடுத்தாடுவது வலது கையால், பந்துவீசுவது இடது கையால். அதைப் பார்த்துச் செய்யப்போய் நாங்கள் வீசிய பந்துகள் பக்கத்து வீட்டு ஓடுகளை உடைத்தன.

அவர் எங்கள் பகுதிப் பிள்ளை மாதிரித்தான். 1956 ஒக்டோபர் 13ஆம் திகதி களுத்துறையில் பிறந்தவர் என்றாலும் படித்தது நாளந்தா கல்லூரியில். மருதானை ஆனந்தா கல்லூரியின் கிளையாக 1925இல் தொடங்கிய பாடசாலை அது. அதன் கிரிக்கெட் மைதானம் கம்பல் பிளேசில், எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். ஆனந்தாவும் நாளந்தாவும் ஆண்டுதோறும் மோதும் பெரிய ஆட்டம் வரும் வாரத்தில் மருதானை வீதிகள் கொடிகளாலும் பப்பரே இசையாலும் நிறைந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. நான் நாளந்தாப் பக்கம். காரணம் அவர்தான்.

1975இல் இங்கிலாந்தில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது இலங்கை அணியில் அவரும் இருந்தார். வயது 18. அப்போது எனக்குப் பத்து. பாடசாலை மைதானத்தில் பார்த்த ஒருவர் இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விளையாடுகிறார் என்பதை ஒழுங்கைப் பிள்ளைகளால் நம்பமுடியவில்லை. அந்தத் தொடரில் இலங்கை ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆனாலும் அடித்து ஆடக்கூடிய, பந்தும் வீசக்கூடிய ஒரு இளைஞர் நாட்டுக்குக் கிடைத்திருக்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

1981 ஜூலையில் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி முதலாவது டெஸ்ட் பி. சரவணமுத்து மைதானத்தில் தொடங்கியது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம், ஒரு தமிழரின் பெயர் தாங்கிய மைதானம். அந்த அணியில் அநுரவுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பாகிஸ்தானில் கிடைத்தது. செப்டெம்பரில் சென்னையில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் எடுத்த ஆட்டம் என்றுதான் பலருக்கும் அது நினைவிருக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் அநுர அடித்த 77ஐ நான் மறக்கவில்லை. அவருடைய டெஸ்ட் வாழ்வின் அதிகூடிய ஓட்டம் அது. கடைசி டெஸ்டும் அதுவே.

சென்னையிலிருந்து திரும்பிச் சில வாரங்களில், ஒக்டோபரில், 14 இலங்கை வீரர்கள் இரகசியமாகத் தென்னாபிரிக்காவுக்குப் போனார்கள். ஏற்பாடு செய்தவர் வேகப்பந்து வீச்சாளர் டோனி ஒபாத. தலைவர், இலங்கையின் முதலாவது டெஸ்ட் தலைவரான பந்துல வர்ணபுர. அரோசா ஸ்ரீலங்கா என்று அணிக்குப் பெயர். மகேஸ் குணதிலக்க, அஜித் டி சில்வா, லலித் களுப்பெரும ஆகியோரும் போனார்கள். அநுரவும் போனார்.

அந்நாளைய தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்தது. கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை இல்லை. 1977ஆம் ஆண்டின் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கை மூலம் பொதுநலவாய நாடுகள் அந்நாட்டுடனான விளையாட்டுத் தொடர்புகளைத் தடுப்பதென ஒத்துக்கொண்டிருந்தன. அதை உடைப்பதற்காகத் தென்னாபிரிக்கா பெரும் பணம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை அழைத்தது. நம் வீரர்கள் வாழ்நாளில் காணாத தொகை அது. அவர்களில் பலருக்கு நிரந்தர வருமானம் இல்லை, கிரிக்கெட்டில் அப்போது பணமும் இல்லை. போனவர்கள் தென்னாபிரிக்க அணியுடனான ஆட்டங்களில் ஒன்றிலேனும் வெல்லவில்லை. திரும்பி வந்தபோது கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தண்டனை காத்திருந்தது. 25 ஆண்டுத் தடை. அநுரவுக்கு அப்போது வயது 26.

அவர்கள் செய்தது தவறு. அதை நான் மழுப்ப விரும்பவில்லை. தன் நாட்டு மக்களை இனத்தால் பிரித்து அடக்கிய ஒரு அரசுக்கு அவர்கள் மதிப்புத் தேடிக் கொடுக்கப் போனார்கள். உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று பல தசாப்தங்களாகக் கேட்டு நிற்கும் நாம், இன்னொரு மக்களுக்காக உலகம் விதித்த புறக்கணிப்பை உடைத்தவர்களை நியாயப்படுத்த முடியாது. தண்டனை வேண்டியதுதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கனடாவிலிருக்கும் என் மருமகன் ஸ்டொக் கார் பந்தயம் பார்ப்பவன். 2022 ஜூலையில் பொக்கோனோ என்ற இடத்தில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்த இரு கார்களும் பந்தயத்துக்குப் பிந்திய பரிசோதனையில் விதி மீறியதாகக் கண்டுபிடிக்கப்பட்டுத் தகுதி நீக்கப்பட்டன. மூன்றாவதாக வந்தவர் வெற்றியாளரானார். அப்படி ஒரு வெற்றி பறிக்கப்பட்டது 1960க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அது நியாயமா என்று அவனும் நண்பர்களும் நாட்கணக்கில் வாதாடினார்கள். காரின் முன்பக்கத்தில் சிறு மாற்றம், அதற்கு இவ்வளவு தண்டனையா என்று ஒரு பக்கம். விதி விதிதான் என்று மறுபக்கம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே தண்டனை இன்னதென்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஒரே குற்றத்துக்கு எவருக்கும் ஒரே அளவு. மேன்முறையீட்டுக்கு வழி உண்டு. அடுத்த வாரம் அதே சாரதி மீண்டும் பந்தயத்தில் ஓடுகிறார். தண்டனை தவறின் அளவோடு நின்றுவிடுகிறது.

அநுரவின் தண்டனையை அந்த அளவுகோலால் அளந்து பார்த்தேன். அதே 1982இல், அதே தென்னாபிரிக்காவுக்குப் போன இங்கிலாந்து வீரர்களுக்கு மூன்று ஆண்டுத் தடை. அவர்களில் ஒருவரான கிரஹாம் கூச் 1985இல் திரும்பி வந்து, பின்னர் இங்கிலாந்தின் தலைவரானார். 1990இல் லோர்ட்ஸ் மைதானத்தில் 333 ஓட்டங்கள் குவித்தார். மறுபக்கம், மேற்கிந்திய வீரர்களுக்கு வாழ்நாள் தடை. 1989இல் அது நீக்கப்பட்டது. ஒரே குற்றம், மூன்று அளவு. வெள்ளையின நாட்டு வீரருக்கு மூன்று ஆண்டு. நம் பக்கத்து மனிதருக்கு 25 ஆண்டு அல்லது ஆயுள். நிறவெறிக்கு எதிரான தண்டனையிலும் நிறம் புகுந்துகொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு அளவுகோலும் உண்டு. அது நமக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது கிரிக்கெட் சபையின் தலைவராக இருந்தவர் அமைச்சர் காமினி திஸாநாயக்க. டெஸ்ட் தகுதியைப் பெற்றுத் தந்தவர் என்று கிரிக்கெட் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. டெஸ்ட் தகுதி கிடைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானபோது, யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த இரு அமைச்சர்களில் அவரும் ஒருவர். மற்றவர் சிறில் மத்தியூ. அந்த எரிப்புக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை.

14 வீரர்களும் தென்னாபிரிக்காவில் இருந்த அந்த மாதங்களில், இலங்கை அரசு பொதுத் தேர்தலை நடத்தாமல், 1982 டிசம்பர் 22ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவர் விதியை மாற்றினார். அதே ஆண்டில்தான், தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது.

பிறகு 1983 ஜூலை. எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்தார்கள். கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் எங்களை இரண்டு இரவு மாடியறையில் வைத்திருந்தது. எங்கள் வீடு எரிவதை அந்த மாடி யன்னலால் பார்த்தோம். என்னோடு அநுரவின் பெயருக்காகச் சண்டை பிடித்த சிங்களப் பொடியன் தன் தாயார் கொடுத்த சோற்றுப் பார்சலை இரவில் கொண்டுவந்தான். மருதானையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் 25ஆம், 27ஆம் திகதிகளில் கொல்லப்பட்டார்கள். நாங்கள் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். மருதானைக்கு அப்பா பிறகு திரும்பவேயில்லை.

வெலிக்கடைக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மாறாக, அடுத்த மாதம் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. தனிநாடு கேட்பவருக்குக் குடியியல் உரிமை பறிப்பு, சொத்துப் பறிமுதல். கிரிக்கெட் விளையாடியதற்கு 25 ஆண்டு. ஒரு கருத்தைச் சொன்னால் சொத்துப் பறிமுதல். 53 பேரைச் சிறைக்குள் அடித்துக் கொன்றதற்கு ஒன்றுமில்லை.

முகாமில் இருந்த நாட்களில் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அநுரவின் மேல் அனுதாபப்படவும் மனம் வரவில்லை. வீடிழந்தவனுக்குக் கிரிக்கெட் வீரனின் கவலை எதற்கு? ஆண்டுகள் போகப் போகத்தான் விளங்கியது. அந்த 14 பேரும் தண்டிக்கப்பட்டது அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்பதால் அல்ல. தண்டிப்பது இலகு என்பதால். பின்னால் ஆளில்லை, பட்டாளம் இல்லை, பணமும் பெரிதாக இல்லை. உலகத்துக்குக் காட்டுவதற்கு அரசுக்கு ஒரு கண்டிப்பு தேவைப்பட்டது.

25 ஆண்டுகளும் முழுதாகக் கழியவில்லை. தென்னாபிரிக்கா மாறத் தொடங்கிய காலத்தில் தடை நீக்கப்பட்டது. வர்ணபுர பின்னர் பயிற்றுநராகவும் நிருவாகியாகவும் கிரிக்கெட்டுக்குள் திரும்பி வந்தார். களுப்பெரும தெரிவாளரானார். 1993இல் தென்னாபிரிக்க அணியே கொழும்புக்கு வந்து விளையாடியது. 1996 மார்ச்சில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. ஒரு சகலதுறை வீரரின் நல்ல ஆண்டுகள் 26 வயதுக்கும் 34 வயதுக்கும் இடையில்தான். அநுரவுக்கு அவை போய்விட்டன. தடையை நீக்கலாம், வயதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இரண்டு டெஸ்ட், ஒன்பது ஒருநாள் ஆட்டம். அவ்வளவுதான் ஏட்டில் இருப்பது.

1998 நவம்பர் 9ஆம் திகதி அவர் காலமானார். வயது 42. அந்த 25 ஆண்டுத் தடை நீக்கப்படாமல் இருந்திருந்தால் 2007 வரை நீண்டிருக்கும். தண்டனைக் காலத்தைவிட அவருடைய எஞ்சிய ஆயுள் குறைவாக இருந்தது.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், செய்தது என்னவென்று நிரூபிக்கப்படாமலேயே, பத்து, பதினைந்து ஆண்டுகள் உள்ளே இருந்தார்கள். அவர்களுடைய 26 வயதும் 34 வயதும் அங்கேதான் போனது. அவர்களோடு அநுரவை ஒப்பிட முடியாது. அவருக்கு வீடு இருந்தது, தெருவில் நடக்கும் சுதந்திரம் இருந்தது. ஆனால் தவறுக்கு மிஞ்சிய தண்டனை ஒரு மனிதரின் ஆயுளில் எதைத் தின்னும் என்பதை எனக்கு முதலில் காட்டியது அவருடைய வாழ்வுதான்.

போர் முடிந்தபின் ஒருமுறை மருதானைக்குப் போனேன். எங்கள் வீடிருந்த இடத்தில் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்று நின்றது. ஒழுங்கையில் பிள்ளைகள் ரெனிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அநுர ரணசிங்கவைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார்கள். பந்து என் பக்கம் உருண்டு வந்தது. எடுத்து, இடது கையால் வீசினேன். அது மதிலில் பட்டுத் திரும்பியது.