எல்லாம் இழந்தும் அவர் தேவசகாயம்

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் நல்ல பணியில் இருந்தார். ஆனால் வீட்டில் கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. மனமுடைந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

அது அவர் வாழ்வைத் திசை திருப்பியது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். கடவுளே துணை என்பதுதான் அதன் பொருள்.

அந்தப் பெயரைப் பெற்ற பிறகே பதவி பறிபோனது. 1749இல் சிறை வந்தது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினர். ஆயினும் அவர் பழைய வாழ்வுக்குத் திரும்ப இசையவில்லை. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே! யோபு இழந்ததை இரட்டிப்பாகப் பெற்றார். தேவசகாயத்துக்கோ இவ்வுலகில் எதுவும் திரும்பவில்லை. வேலையும் ஊரும் உறவும் மாறும்போது, இழந்தது திரும்பி வருவதை மட்டுமே இறைவனின் துணைக்கு அடையாளமாகத் தேடுகிறோமா? வழி தெரியாதபோதும் உடன் நடப்பவரை நம்பும் வரத்தை, புனித தேவசகாயம் வழியாக மன்றாடுவோம்.