ஐம்பதாயிரம் அடி

போன சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம், ஆனால் குளிக்கவில்லை. மெயினருவியில் வெள்ளம். ஐந்தருவியிலும் கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். சூடா மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் தென்காசியில் பெரியப்பா வீட்டுக்குத் திரும்பினோம். அன்று மதியம் முழுக்க மழை. வீட்டில் பத்துப் பேர், ஒரு டிவி, அண்ணனுடைய பிளேஸ்டேஷன் 4. பிறகு பெரியப்பா யாரிடமோ கொடுத்து டிஜிட்டல் ஆக்கி வாங்கி வைத்திருந்த ஒரு பென் டிரைவ். அதில் எங்கள் குடும்பத்தின் பழைய விஎச்எஸ் கேசட்டுகள் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி எல்லாம்.

டிவி அந்தக் கோப்புகளைத் திறக்கவே இல்லை. அண்ணன் பென் டிரைவைப் பிளேஸ்டேஷனில் சொருகினான். அதற்குப் பென் டிரைவ் இருப்பதே தெரியவில்லை. காரணம் உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்: என்டிஎஃப்எஸ். அதை லேப்டாப்பில் போட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, கோப்புகளை எம்பி4 ஆக்கித் திரும்பப் போட ஒரு மணி நேரம் ஆனது. ஓடியது. கையில் கேம் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு எங்க அம்மா அப்பா கல்யாணத்தைப் பார்த்தோம். பந்தியில் மோர் வாளியோடு தாத்தா குறுக்கே போகிறார். மூன்று விநாடிதான். ஆச்சி அந்த மூன்று விநாடியை ஏழெட்டுத் தடவை திரும்பப் போடச் சொன்னாள்.

மூன்று விநாடிக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்று தெரிந்து, அதற்காக உலகத்தையே சுற்றி வந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏ.கே. செட்டியார். (குற்றாலத்தில் ஆரம்பித்துவிட்டு டி.கே.சி.யைப் பற்றி எழுதாமல் செட்டிநாட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறாயே என்று நம் ஆசிரியர் குழுவிலேயே கேட்டார்கள். டி.கே.சி. அடுத்த இதழுக்கு.)

அ. கருப்பன் செட்டியார் 1911 நவம்பர் 4 அன்று காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் குடும்பம் என்றால் பர்மா, மலேயா, இலங்கை எல்லாம் அடுத்த தெரு மாதிரி. இவரும் இளம் வயதிலேயே ரங்கூன் போனார். ஆனால் வட்டிக் கணக்கு எழுத இல்லை, 'தனவணிகன்' என்ற பத்திரிகையை நடத்த. அங்கிருந்து 1930-களின் நடுவில் ஜப்பான் போய்ப் புகைப்படக்கலை படித்தார். அது போதாது என்று 1937-இல் நியூயார்க் போய் அங்கேயும் ஒரு புகைப்படக் கல்லூரியில் பயிற்சி பெற்றார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க. இன்றைக்கு எடிட்டிங் கோர்ஸ் போறேன் என்று சொன்னாலே நம் வீட்டில் என்ன நடக்கிறது!

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருக்கிறார். அன்று காந்தி பிறந்த நாள். நடுக்கடலில் அவருக்கு ஒரு யோசனை வருகிறது: காந்தியின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக எடுக்க வேண்டும். அப்போது வயது 26 கூட நிறையவில்லை. கையில் பெரிய பணம் இல்லை, பின்னால் எந்த ஸ்டுடியோவும் இல்லை. இன்னொரு சிக்கல், காந்திக்கு சினிமாவே பிடிக்காது. 1927-இல் அரசாங்கம் அமைத்த சினிமா விசாரணைக் குழு கருத்துக் கேட்டபோது, சினிமாவால் தீமைதான் என்கிற விதமாகப் பதில் எழுதியவர் அவர். அப்படிப்பட்ட மனிதரைக் கேமரா முன்னால் உட்காரவைத்துப் படம் எடுக்க முடியாது.

அதனால் செட்டியார் வேறு வழியைப் பிடித்தார். ஏற்கெனவே எடுக்கப்பட்டதைத் தேடுவது. காந்தி லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது, தண்டிக்கு நடந்தபோது, ஊர் ஊராகச் சுற்றியபோது யாராவது கேமராவைச் சுழற்றியிருப்பார்கள் அல்லவா? செய்திப்பட நிறுவனங்களின் கேமராமேன்கள், சொந்த ஆர்வத்தில் எடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர். அந்தச் சுருள்கள் உலகம் முழுக்க எங்கெங்கோ கிடங்குகளிலும் அலமாரிகளிலும் கிடக்கும். அவற்றைக் கண்டுபிடித்து, பிரதி எடுத்து, ஒட்ட வேண்டும். எங்க பெரியப்பா பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். இவருக்குப் பரண் நான்கு கண்டங்களில் இருந்தது.

லண்டனில் தேடினார். ஐரோப்பாவில் தேடினார், காந்தியைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரொமெய்ன் ரோலந்தைச் சந்தித்தார். காந்தியின் போராட்டம் தொடங்கிய தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். இந்தியாவுக்குள் ஊர் ஊராக அலைந்தார். மொத்தம் சுமார் ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு கேமராமேன்கள் எடுத்த காட்சிகள், 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

50,000 அடி என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் சரிபாருங்க. 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். ஆக 8 லட்சம் பிரேம். பேசும் படத்தின் வேகம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. வகுத்தால் 555 நிமிடம், ஒன்பதே கால் மணி நேரம் சொச்சம். இன்றைக்கு இது ஒரு பென் டிரைவில் ஓரமாகக் கிடக்கும். அன்றைக்கு அது பெட்டி பெட்டியாகத் தகர டப்பாக்கள். அந்தக் காலத்து 35 எம்எம் சுருள் பெரும்பாலும் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும். வெயிலும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். பத்திரப்படுத்துவதே தனி வேலை.

ஓட்டுவதிலும் பிரச்சினை உண்டு. மௌனப்பட காலத்துக் கேமராக்களைக் கையால் சுழற்றுவார்கள். வேகம் விநாடிக்கு 16 பிரேம், 18 பிரேம் என்று ஆளுக்கு ஆள் மாறும். அதை 24-இல் ஓட்டினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் குடுகுடு என்று ஓடுவார்கள். பழைய படங்களில் தலைவர்கள் பொம்மை மாதிரி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் காரணம். சரிசெய்ய வேண்டுமானால் பிரதி எடுக்கும்போதே இரண்டு பிரேமுக்கு ஒன்றை இருமுறை அச்சிட வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் படம் கொஞ்சம் மங்கும். எங்கள் கல்யாண வீடியோவிலும் இதன் தம்பி ஒருவன் இருந்தான்: விஎச்எஸ் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு அரைப்பாதியாகப் பிரித்துப் பதிவதால், யாராவது வேகமாகக் கை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். அதை ஒரு மென்பொருளில் டிக் செய்து நீக்கிவிட்டேன். செட்டியாருக்கு டிக் செய்ய எதுவும் இல்லை.

சுருளை வெட்டி ஒட்டி, 12,000 அடிக்குக் கொண்டுவந்தார். இரண்டேகால் மணி நேரப் படம். எடுத்ததில் நான்கில் மூன்று பங்கை வெளியே விட வேண்டும். ஒரு லட்சம் மைல் அலைந்து கொண்டுவந்ததைக் கத்தரிப்பது எப்படி இருந்திருக்கும்? ஒரு நிமிட ரீல்ஸுக்குக் காட்சி வெட்டவே நமக்கு மனசு வருவதில்லை.

1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்சி தியேட்டரில் 'மகாத்மா காந்தி' வெளியானது. விளக்கவுரை தமிழில். டி.கே. பட்டம்மாள் பாடியிருந்தார். காந்தியைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம் தமிழில் வந்தது என்பதை நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? காலத்தையும் கவனியுங்க. உலகப் போர் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. காங்கிரஸ் மந்திரி சபை ராஜினாமா செய்து போய்விட்டது, சென்னையில் கவர்னர் ஆட்சி. முந்தைய வருடம் வந்த 'தியாகபூமி' படத்தையே அரசாங்கம் தடை செய்திருந்தது. அதுவாவது கதை. இவர் காட்டியது நிஜக் காந்தி. என் பார்வையில், ஒரு லட்சம் மைல் போனதைவிட அந்த வருடத்தில் அந்தப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்ததுதான் பெரிய துணிச்சல்.

பிறகு தெலுங்கிலும் இந்தியிலும் படம் வந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்று, வேறு வெட்டு, வேறு குரல், இன்னும் சுருக்கமாக.

நான் இதுவரை சினிமாக்காரர் என்ற முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறேன். தமிழ்நாடு அவரை 'உலகம் சுற்றும் தமிழன்' என்றுதான் அறிந்திருந்தது. அது அவருடைய பயண நூல் ஒன்றின் பெயர், பின்னால் அவருக்கே பட்டப்பெயர் ஆனது. சின்னச் சின்ன வாக்கியம், அலட்டல் இல்லாத நகைச்சுவை. தன்னைப் பற்றி மட்டும் பேச மாட்டார். 1943-இல் 'குமரி மலர்' பத்திரிகையைத் தொடங்கி, 1983 செப்டம்பர் 10 அன்று இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை. அதிலும் அவர் செய்தது அதே வேலைதான்: பழைய இதழ்களில் புதைந்து கிடந்த கட்டுரைகளை, பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சில் ஏற்றினார். முன்பு சுருள், இப்போது தாள், அவ்வளவே. படம் எடுத்த கதையையும் அதில்தான் எழுதினார். அந்தக் கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாகத் தொகுத்தார். பொறியியல் மாணவர்கள் படிக்க வேண்டிய புத்தகம், ஒரு புராஜெக்ட்டை ஒற்றை ஆளாக எப்படி இழுப்பது என்பதற்காகவாவது.

இனி வயிற்றைப் பிசையும் பகுதி. அந்த 1940-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் இன்று முழுதாகக் கிடைப்பதில்லை. உலகத்தின் பரண்களையெல்லாம் துழாவி மற்றவர்கள் எடுத்ததைக் காப்பாற்றியவர், அவர் எடுத்த படத்தை நாம் காப்பாற்றவில்லை. வேங்கடாசலபதி தேடிப்போய், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அந்த 1953 ஆங்கில வடிவத்தின் பிரதியைக் கண்டுபிடித்தார். தமிழ் விளக்கவுரையோ பட்டம்மாள் குரலோ அதில் இல்லை. ஆனால் அவர் அலைந்து சேர்த்த காந்தி கொஞ்சமாவது இருக்கிறார், நடக்கிறார், சிரிக்கிறார்.

1934-இல் காந்தி எங்க ஊர்ப்பக்கமும் வந்தார், தாழ்த்தப்பட்டோருக்கு உரிமையில்லாத குற்றால அருவியில் குளிக்க மறுத்துத் திரும்பினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நான் படமாகப் பார்த்ததில்லை. அந்தக் கதை எனக்கு ஆச்சி வாயிலிருந்து வந்தது, ஆச்சிக்கு அவள் அப்பா வாயிலிருந்து.

அந்த ஆங்கிலப் படத்தை இறக்கி, அடுத்த நாள் அதே பென் டிரைவில் போட்டு, அதே பிளேஸ்டேஷனில் ஓட்டினேன். அண்ணனுக்குப் பத்து நிமிடத்தில் கால்பந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆச்சி கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் தாத்தாவை ஒருதரம் போடச் சொன்னாள்.

இன்னும் மூன்று கேசட் மிச்சம் இருக்கின்றன. எதிலும் பெயர் எழுதவில்லை. ஒன்றில் சாரல் ஈரத்துக்கு வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. பெரியப்பா அதை மொட்டைமாடி வெயிலில் காயவைக்கலாமா என்கிறார், வேண்டவே வேண்டாம் என்று சொல்லி உலர்ந்த டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். சுத்தம் செய்யாமல் ஓட்டினால் விசிஆரின் ஹெட்டிலும் பூஞ்சை ஏறி, அடுத்து போடும் கேசட்டும் கெடும். ஹாஸ்டலில் யார் வீட்டிலாவது ஓடுகிற விசிஆர் இருந்தால், அதைத் திறந்து துடைக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்க.